ராஜாவுக்கு ஒரு நாக்கு

கரையில் புகை தெரிந்ததும் கப்பலே குதூகலித்தது. புகை என்றால் ஆள் இருக்கிறது. ஆள் இருந்தால் நல்ல தண்ணீர் இருக்கும், கிழங்கு இருக்கும், பல்லை உடைக்காத ஏதாவது ஒன்று வாய்க்குக் கிடைக்கும். பாய்மரத்து உச்சியில் இருந்தவன் தொண்டை கிழியக் கத்தினான். கீழே இருந்தவர்கள் தொப்பியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். சமையல்காரன் புழு நெளியும் ரொட்டித் தூளை ஒரு பிடி அள்ளிக் கடலில் வீசி, "இனி நீயே தின்னு!" என்றான்.

பிராஸ் மட்டும் கரைக்கு முதுகைக் காட்டி நின்றான்.

புகை இல்லாத கரைதான் அவனுக்குப் பிடிக்கும். வெறும் மணல், வெறும் மரம், வெறும் பறவை. அப்படிப்பட்ட கரையைத் தாண்டும்போதெல்லாம் அவன் மார்பில் சிலுவை போட்டுக்கொள்வான். காரணம், எழுத்தர் தன் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த தாள். அதில் ராஜாவின் முத்திரைக்கு மேலே தெளிவாக எழுதியிருந்தது: தண்டனைக் கைதிகள் இருவரையும் ஆள் நடமாட்டம் உள்ள இரண்டு கரைகளில் தனித்தனியே இறக்கிவிட வேண்டும். அவர்கள் அங்கேயே கிடந்து அந்த ஜனங்களின் பேச்சைக் கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ வரும் கப்பல் அவர்களை ஏற்றிக்கொள்ளும். அதற்குள் ராஜாவுக்கு அந்தக் கரையில் ஒரு நாக்கு முளைத்திருக்கும். கப்பல்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இறக்கிவிடப்பட்டவனுக்குப் பெயர் கிடையாது. அவன் நாக்கு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. லிஸ்பனில் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து யோசித்த மகராசனுக்கு எல்லாமே நன்றாகத்தான் இருந்திருக்கும்.

முதல் நாக்கு அந்தாவோ என்கிற குதிரைத் திருடன். மூன்று மாதத்துக்கு முன்னால், இந்தப் பக்கத்துக் கரையை முதன்முதலாகத் தொட்ட இடத்தில் அவனை இறக்கினார்கள். இரண்டு சட்டை, ஒரு கத்தி, ஒரு மூட்டை ரொட்டி. படகு திரும்பியபோது அவன் அத்தனையையும் மணலில் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடி வந்தான். இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு. துடுப்புப் போட்டவர்கள் தங்கள் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு போட்டார்கள். மேல்தளத்தில் நின்று பிராஸ் எல்லாவற்றையும் பார்த்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு தண்ணி சரியாக இறங்கவில்லை.

பிராஸ் கெட்டவன் இல்லை, கோபக்காரன். லிஸ்பன் ஆற்றங்கரையில் கப்பல் கட்டும் இடத்தில் கலப்பத்து அடிக்கிற வேலை. பலகைக்கும் பலகைக்கும் இடையில் சணல் பஞ்சைத் திரித்து, உளியை வைத்து, கொட்டாப்புளியால் அடித்து இறக்கி, மேலே கொதிக்கக் கொதிக்கக் கீல் பூசுகிற வேலை. அவன் அடித்த வரியில் நீர் புகுந்ததாக ஒருநாள் மேற்பார்வைக்காரன் பத்துப் பேர் முன்னால் பொய் சொன்னான். கையில் இருந்த கொட்டாப்புளி பேசிவிட்டது. நாலாம் நாள் மேற்பார்வைக்காரன் செத்துப்போனான். தூக்குமரம் தயாராக இருந்த வேளையில்தான் ராஜாவுக்கு நாக்கு தேவைப்பட்டது.

கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் மனைவி வியோலாந்தி உலர்ந்த அத்திப்பழம் கட்டிக்கொண்டு சிறைக்கு வந்தாள். அழவில்லை. கம்பிக்குள் கையை விட்டு அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். "எங்க எறக்கி விட்டாலும் உசுரோட கெட. ஆனா எறங்காம வரப் பாரு. கேட்டியா? எறங்காம வரப் பாரு" என்றாள்.

இறங்காமல் வர ஒரு வழி கிடைத்தது.

சாந்தா கொம்பா என்கிற அந்தக் கப்பலின் கலப்பத்துக்காரன் வழியிலேயே காய்ச்சலில் போய்விட்டான். அந்தாவோவை இறக்கிய மறுநாள் கப்பல் ஒரு மணல் திட்டில் உரசி அடிப்பக்கம் திறந்துகொண்டது. கப்பித்தான் லோப்போ பர்ராதாஸ், சுத்தமாகத் தாடி சீவி வைத்திருக்கிற, எதையும் சத்தம் போட்டுச் சொல்லாத மனிதர், பிராஸைக் கூப்பிட்டார்.

"உனக்கு இந்த வேலை தெரியும்லா?"

"தெரியும் ஐயா."

"அப்ப நல்லாக் கேட்டுக்கோ. ஊத்து நிக்கிற வரைக்கும் நீ எனக்கு வேணும். நின்ன அன்னைக்கு நீ ராஜாவுக்கு வேணும்."

பிராஸ் விழித்தான். கப்பித்தானுக்கே கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். "ஊத்தோட மல்லுக்கட்டி லிஸ்பன் வரைக்கும் கப்பலைக் கொண்டு சேத்தேன்னு வை, அரமனைல நானே பேசுதேன். கப்பலைக் காப்பாத்துனவனைத் தூக்குல போடமாட்டாவ" என்றார்.

அவர் அதை இரக்கத்தில்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சில் இருந்த ஓட்டையை அவர் பார்க்கவில்லை. கலப்பத்துக்காரன் பார்த்தான். ஓட்டையைப் பார்ப்பதுதானே அவன் தொழில்.

ஆளே இல்லாத ஒரு தீவில் கப்பலைக் கரையேற்றிப் பக்கவாட்டில் சாய்த்தார்கள். பன்னிரண்டு நாள் வேலை. பிராஸ் ஒவ்வொரு வரியையும் வாழ்நாளில் அடிக்காத அழகோடு அடித்தான். அடிக்கட்டையை ஒட்டிய கடைசி வரியில் மட்டும் மூன்று சாண் நீளத்துக்குப் பஞ்சைத் தளர்த்தியாகத் திரித்து வைத்தான். அங்கே கீல் பூசவில்லை. கொழுப்பில் கரியைக் குழைத்துத் தடவி, கீல் மாதிரியே பளபளக்க வைத்தான். கைக்கே கூச்சமாக இருந்தது. உள்பக்கம், பாரத்துக்குப் போட்ட கற்களுக்கு அடியில், அதே இடத்தில் ஒரு துணிச் சுருளைச் செருகினான். சுருளைக் கொஞ்சம் உருவினால் பம்பு பகல் முழுக்க ஓடும். உள்ளே தள்ளினால் காலையில் ஒரு தரம் அடித்தால் போதும். கப்பலின் குடுமி அவன் கையில் இருந்தது.

யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தான்.

கப்பல் மறுபடி மிதந்த நாலாம் நாள் உச்சி வெயிலில் பம்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தான். பம்பு அடித்துக்கொண்டிருந்தவன் மெந்தோ. அவேய்ரோ ஊர்க்காரன், நாற்பது வயசு, வாயைத் திறந்தால் வம்பு. தீவில் பிராஸுக்குக் கீல் சட்டி பிடித்தவனும் அவன்தான். கைதி என்று பார்க்காமல் பிராஸோடு ஒரே கிண்ணத்தில் சாப்பிட்ட ஒரே ஆளும் அவன்தான்.

"ஏலே பிராஸு, ஒரு சங்கதி கேக்கட்டா?"

"கேளு வே."

"அந்தத் தீவுல, கடைசி வரில, மூணு சாணுக்கு மட்டும் ஒன் கொட்டாப்புளிக்கு ஏன் தொண்டை கட்டிச்சி?"

பிராஸின் கையில் உளி நின்றது. பஞ்சு இறுகினால் கொட்டாப்புளி கணீரென்று பாடும். இறுகாவிட்டால் பொத்தென்று விழும். வேலை தெரிந்தவன் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவான்.

"எங்கப்பன் முப்பது வருசம் உப்புப் படகுக்குக் கலப்பத்து அடிச்சவன்லே. தொட்டில்ல கெடந்து நான் கேட்ட தாலாட்டே அந்தச் சத்தந்தான். எங்கிட்டயா?"

பிராஸ் சுற்றும் முற்றும் பார்த்தான். "வெளிய சொல்லிருவியா?"

"சொன்னா ஒன்னைய எறக்கிட்டுல்லா போயிருவான். அப்புறம் நான் யார்ட்ட வம்பளக்க? எழுத்தர்ட்டயா? அவன் சிரிச்சா அதுக்கும் ரசீது கேப்பான்."

"பம்பு அடிக்கது நீதான வே."

"அடிக்கேன். கொஞ்சம் பாத்து உருவு, அவ்வளவுதான்." மெந்தோ எச்சிலைக் காற்றுப் பக்கம் பார்த்துத் துப்பினான். "ஒனக்கு வீட்ல ஒருத்தி காத்துக் கெடக்கா. எனக்கு யாரு இருக்கா? ஒரு கழுதை இருந்துச்சு, அதையும் தம்பி ஓட்டிட்டுப் போயிட்டான்."

அன்று பிராஸ் அந்த மனிதனின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்திருக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு உளியைத் தீட்டினான்.

பாத்து உருவு என்று சொல்வது சுலபம். ஊற்று குறைந்தால் எழுத்தர் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். ஒல்லியான ஆள், ஈரத்தைக் கண்டால் ஆகாது. ஆனாலும் தினமும் அடித்தளத்துக்கு இறங்கி, கோலை விட்டு நீர்மட்டம் பார்ப்பார். "இன்னைக்கு ஒரு விரக்கடை கொறஞ்சிருக்கே. நிக்கப் போவுதோ?" என்று கேட்டுவிட்டுப் பிராஸை மேலும் கீழும் பார்ப்பார். அவ்வளவுதான், அன்றைக்கே பிராஸ் சுருளை இன்னும் கொஞ்சம் உருவ வேண்டியிருக்கும். நீர் ஏறும். ஆட்கள் முறை வைத்துப் பம்படியில் குனிந்து நிமிர்வார்கள். தள்ளினால் கரை, உருவினால் ஆட்களின் முதுகு. கப்பலில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். அந்த மூன்று சாண் பலகைக்குள் அடைபட்டுக் கிடந்தவன் இவன் ஒருவன்தான்.

மெந்தோ இளைத்தான். இரண்டாம் மாதத்தில் அவனுக்குக் குடல் இறங்கிவிட்டது. இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடித்தான். பிறகு இருமல் வந்தது, இருமலில் சிவப்பு வந்தது. வம்பு மட்டும் குறையவில்லை. "ஏலே, ஒன் பொண்டாட்டிய நான் பாத்ததே இல்ல. ஆனா அவளுக்காக நான் எறைச்ச தண்ணிக்கு அவ எனக்கு ஒரு பண்ணி அடிச்சி விருந்து வைக்கணும், சொல்லிட்டேன்" என்பான். பிராஸ் தன் முறையோடு அவன் முறையையும் சேர்த்து அடித்துப் பார்த்தான். கப்பித்தான் விடவில்லை. கலப்பத்துக்காரனின் கை காய்த்துப்போனால் உளி பிடிக்க முடியாதாம்.

இப்படிப்பட்ட நிலைமையில்தான் அந்தப் புகை தெரிந்தது.

அது பெரிய வளைகுடா. கரையில் நீளமான ஓலை வீடுகள் இருந்தன. சிவப்புச் சாயம் பூசிய ஆண்களும் பெண்களும் பயப்படாமல் தண்ணீருக்குள் நடந்து வந்து படகைத் தொட்டுப் பார்த்தார்கள். கண்ணாடி மணிக்கும் தொப்பிக்கும் கிழங்கு மாவும் கிளியும் கொடுத்தார்கள். மூன்று நாளில் பீப்பாய்கள் நிறைந்தன. சாயமரக் கட்டைகளை ஏற்றி அடுக்கினார்கள். நாலாம் நாள் காலையில் கப்பித்தான் எல்லாரையும் மேல்தளத்துக்குக் கூப்பிட்டு, இங்கிருந்தே ஊருக்குத் திரும்புகிறோம் என்றார். ஆர்ப்பாட்டம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் எழுத்தர் தொண்டையைக் கனைத்தார்.

"கப்பித்தான் ஐயா, தாள்ல ரெண்டு நாக்குன்னு இருக்கு. எறக்கினது ஒண்ணுதான்."

"தெரியும்."

"ரெண்டாவதை எறக்காமத் திரும்புனா நான் கையெழுத்துப் போட முடியாது."

"கலப்பத்துக்காரனை எறக்கிட்டு நடுக்கடல்ல நாம எல்லாரும் முழுகவா? ஊத்து நின்னுட்டா?"

"நிக்கல" என்றார் எழுத்தர் வருத்தத்தோடு. "இன்னைக்கும் ரெண்டு முழம் நிக்கிது தண்ணி."

பிராஸின் மனசுக்குள் மணி அடித்தது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தான். அந்த நினைப்பு முழுசாக முடிவதற்குள் கப்பித்தான் பார்வையை ஆட்கள் மேல் ஓட்டினார். வரிசையில் ஒவ்வொரு தோளாக, ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு வந்தது அந்தப் பார்வை. பம்புக் கட்டையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மெந்தோவின் மேல் வந்து நின்றது.

"மெந்தோ. போன வாரம் பீப்பாய்லருந்து ஒயின் எடுத்தது நீதான?"

"எல்லாருந்தான் எடுத்தோம் ஐயா" என்றான் மெந்தோ சிரித்தபடி. "எழுத்தரே ஒரு குவளை..."

"எடுத்தியா இல்லியா?"

"எடுத்தேன்."

"ஒத்துக்கிட்டான். ராஜாவோட சரக்கைத் திருடினவன். தண்டனை போட்டாச்சு. எழுதிக்கிடும்."

எழுத்தர் ஒரு கணம் தயங்கினார். பிறகு மையைத் தொட்டார். அட பாவிகளா! ஒரு குவளை ஒயின். அதுவும் புளித்துப்போன ஒயின்.

மெந்தோ வேடிக்கை என்று நினைத்து இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்பது தெரிந்ததும் அவன் வாய் மெல்ல மூடியது. அவன் கப்பித்தானைப் பார்க்கவில்லை. எழுத்தரைப் பார்க்கவில்லை. நேராகப் பிராஸைப் பார்த்தான்.

அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடைசி வரி, மூணு சாணு, போய்ப் பாருங்க. அவ்வளவுதான், பிராஸ் இறங்க வேண்டியதுதான். சொல்லப்போகிறான், இதோ சொல்லப்போகிறான் என்று பிராஸ் காத்திருந்தான். மெந்தோ சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிராஸும் சொல்லியிருக்கலாம். ஊத்தை இப்பவே அடைச்சிருவேன் ஐயா, நானே எறங்குதேன். வார்த்தைகள் எல்லாம் வரிசையாகத் தயாராகத்தான் இருந்தன. வியோலாந்தியின் விரல் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிராஸ் குனிந்து, காலடியில் சுருட்டிக் கிடந்த கயிற்றைப் பார்த்தான். அதில் எத்தனை சுற்று இருந்தது என்பதை அவனால் சாகிற வரைக்கும் சொல்ல முடியும்.

படகு இறங்கியது. இரண்டு சட்டை, ஒரு கத்தி, ஒரு மூட்டை ரொட்டி. மெந்தோ அந்தாவோ மாதிரி ஓடி வரவில்லை. அவனால் ஓடவும் முடியாது. மணலில் உட்கார்ந்து இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்குவது கப்பலில் இருந்தே தெரிந்தது. கரை ஜனங்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு பொம்பளை மண்டியிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். பகல் காற்று எழுந்ததும் சாந்தா கொம்பா பாயை விரித்தது.

அன்று ராத்திரி பிராஸ் தூங்கினான் என்றால் நம்ப மாட்டீர்கள். தூங்கினான். அந்த வெட்கத்தோடுதான் காலையில் எழுந்தான்.

எழுந்ததும் முதலில் தோன்றியது ஒன்றுதான். தாளில் இரண்டு நாக்கும் எழுதியாகிவிட்டது. இனி ஊற்று நின்றாலும் அவனை இறக்க யாருக்கும் அவசியமில்லை. இனி ஒருத்தனும் பம்படியில் குடல் தள்ளிச் சாக வேண்டாம். இதையாவது செய்வோம் என்று உளியையும் கொட்டாப்புளியையும் நல்ல பஞ்சையும் எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கினான். கற்களை நகர்த்தினான். துணிச் சுருளை முழுசாக உருவிப்போட்டு, புதுப் பஞ்சை வைத்து, உளியை ஊன்றிக் கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டினான்.

உளி பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வரிக்குள் இல்லை, பலகைக்குள்.

வெளியே எடுத்தபோது அதன் நுனியில் ஈரத்தூளும், விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு புழுவும் ஒட்டிக்கொண்டு வந்தன. பிராஸ் பக்கத்துப் பலகையை அழுத்திப் பார்த்தான். கட்டைவிரல் உள்ளே இறங்கியது. அதற்கடுத்ததும் அப்படித்தான்.

அவன் கப்பல் கட்டியவன், கப்பல் ஓட்டியவன் இல்லை. லிஸ்பன் ஆற்றுத் தண்ணீர் எலும்பைக் கடிக்கும் குளிர். அங்கே கீல் படாத பலகையை ஒரு வருஷம் போட்டு வைத்தாலும் பாசிதான் பிடிக்கும். கினியாப் பக்கம் போய்வந்தவன் எவனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான், வெதுவெதுப்பான கடலில் விரற்கடை அகல மரத்தைக் கீல் இல்லாமல் விட்டால்கூட அந்த வழியாகப் புழு உள்ளே நுழையும், நுழைந்தால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே பலகை பலகையாகத் தின்றுகொண்டு போகும் என்று. அவன் யாரைக் கேட்பான்? ரகசியம் அல்லவா அது!

உளி எடுத்த ஓட்டையில் நீர் முதலில் விரல் கனத்துக்கு வந்தது. அவன் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். பலகை உடைந்து கை மணிக்கட்டு வரை வெளிக்கடலுக்குள் போயிற்று. பிறகு நீர் தொடை கனத்துக்கு வந்தது.

"பிராஸு! என்னலே அங்கன சத்தம்?" மேலே இருந்து கப்பித்தானின் குரல்.

மூன்று மாதமாக ஊற்று நிற்கவில்லை, ஆனால் பயமில்லை என்றே சொல்லிப் பழகிய வாய் முதல்முறையாக உண்மையைச் சொன்னது. "ஐயா, கப்பல் தாங்காது! திருப்புங்க! கரைக்குத் திருப்புங்க!"

இரண்டு பம்பும் ஓடின. வாளி, சட்டி, தொப்பி என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் இறைத்தார்கள். சாயமரக் கட்டைகளைத் தூக்கிக் கடலில் போட்டார்கள். எழுத்தரே சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று வாளி கைமாற்றினார். பிராஸ் பாய்த்துணியைக் கிழித்துக் கிழித்து அடைத்தான். ஒன்றை அடைத்தால் பக்கத்தில் ஒன்று வாயைப் பிளந்தது. கொட்டாப்புளி கணீரென்று பாட மாட்டாதா என்று ஏங்கிக்கொண்டே அடித்தான். எங்கே அடித்தாலும் பொத் பொத்தென்றுதான் விழுந்தது. நூறு வருஷம் ஆனாலும் நிற்காத ஊற்று அது. கப்பித்தானுக்கு அவன் இனி என்றென்றைக்கும் வேண்டும்.

மறுநாள் மத்தியானம் அதே வளைகுடா வாயில் மணல் திட்டில் ஏறி சாந்தா கொம்பா முதுகு ஒடிந்தது. முன்புறம் ஒரு பக்கமும் பின்புறம் ஒரு பக்கமுமாகச் சாய்ந்தன. நல்லவேளை, ஆழமில்லை. முப்பது பேரும் மார்பளவு அலையில் நடந்து, மிதக்கும் பீப்பாய்களைத் தள்ளிக்கொண்டு கரையேறினார்கள். எழுத்தர் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். மணலில் உட்கார்ந்து திறந்தார். தாள் நனையவில்லை. அதை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உள்ளே வைத்து மூடினார்.

மெந்தோ ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். அவன் வயிற்றைச் சுற்றிக் கரை ஜனங்கள் அகலமான பட்டையை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கையில் சுட்ட கிழங்கு. வரிசையாக நனைந்து ஏறி வரும் கூட்டத்தை அவன் ஒவ்வொருத்தனாக எண்ணுவது மாதிரி பார்த்தான்.

கப்பித்தான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றார். தாடியில் இருந்து தண்ணீர் சொட்டியது. "மெந்தோ, இவங்கள்ட்ட... சாப்பிட ஏதாவது கேக்க முடியுமா?"

"மூணு நாள்ல நான் கத்துக்கிட்டது மூணே சொல்லு ஐயா. அதுல ஒண்ணு கெழங்கு. கேட்டுப் பாக்கேன்." அவன் எழுந்து போய்ப் பெண்களிடம் கையை ஆட்டி ஏதோ சொன்னான். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கூடையை எடுக்கப் போனார்கள்.

பிராஸ் எல்லாருக்கும் பின்னால் தனியாக நின்றான். மெந்தோ மெதுவாக அவன் பக்கத்தில் வந்தான். இரண்டு பேரும் உடைந்த கப்பலைப் பார்த்து நின்றார்கள்.

"புழுவா?" என்றான் மெந்தோ.

"ஆமா."

"ம்."

"கப்பித்தான்ட்ட சொல்லப் போறியா வே?"

மெந்தோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, பட்டையைப் பிடித்துக்கொண்டான். "சொன்னா என்னலே செய்வாரு? ஒன்னைய எங்க கொண்டு எறக்குவாரு? எறக்கதுக்கு இனி கப்பல் இருக்கா, இல்ல வேற கரைதான் இருக்கா?"

பிராஸுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "அன்னைக்கு ஏன் வே சொல்லாம இருந்த? நீ ஒரு வார்த்தை சொல்லிருந்தா என்னையல்லா எறக்கியிருப்பாவ. எனக்காகவா?"

மெந்தோவின் முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று.

"ஒனக்காகன்னு யாருலே சொன்னது? நீயே சொல்லுவேன்னுல்லா இருந்தேன். படகு மணல்ல தட்டுத வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன், இப்பக் கத்துவான், இந்தா கத்திருவான்னு."

அதற்குள் கூடைகள் வந்துவிட்டன. பெண்கள் எதையோ கேட்க, கப்பித்தான் இந்தப் பக்கம் திரும்பி, "நாக்கைக் கூப்பிடு, நாக்கைக் கூப்பிடு" என்றார். மெந்தோ கையில் இருந்த கிழங்கைப் பாதியாக உடைத்து ஒரு பாதியைப் பிராஸின் கையில் வைத்தான். "தின்னு. ஆறிட்டுன்னா கல்லாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர்களிடம் போனான்.